பிஷப்பின் குரலில் ஒரு பதில்

க்ராய்டன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது யாதெனில், மூன்று நாடகங்களிலும் இரண்டு சினிமாக்களிலும் தங்கள் மேலுதட்டில் வீற்றிருந்த சாம்பல் நிற ஒட்டுமீசை நேற்றுக் காலை சமையலறையில் காலமானது. நம் பூனை பிக்கிள் அதை எலி என்று நினைத்துக் கடித்துக் குதறிவிட்டது. ஒரு பூனையே நம்பும்படி நடித்திருக்கிறது உங்கள் மீசை.

அம்மா நலம். போன ஞாயிறும் நீங்கள் வராததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் செய்யும் இறைச்சி விருந்தைச் செய்யாமல் டோஸ்ட்டும் பீன்ஸும் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இனி என் சாதனை. நேற்று மாலை, நீங்கள் வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்து ஹெஸ்டர் அம்மையார் போன் செய்தார். ஒத்திகையில் இருக்கும் வேடத்தின் குரலில்தான் நீங்கள் போனை எடுப்பீர்கள் என்பது, இருபது வருஷமாக உங்களுக்கு வாய்ப்புத் தேடித் தருபவருக்குத் தெரியாதா? அதனால் நான் உங்கள் பிஷப்பாகவே எடுத்தேன். "கர்த்தர் உன்னோடு இருப்பாராக, மகளே. என்ன வேஷம்?" அவர் சிரித்துவிட்டு மடமடவென்று விஷயத்தைச் சொன்னார். ஐந்து நிமிடம் பேசினேன், அப்பா. ஒரு இடத்தில்கூடக் குரல் பிசகவில்லை. நியூகாசில் நாடகத்தின்போது உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆள் அனுப்புங்கள், நான் தயார்.

விஷயம் இதுதான். டெலிவிஷன் தொடர். சனிக்கிழமைதோறும் வரும். அடுத்த ஈஸ்டர் வரை கிளாஸ்கோவில் படப்பிடிப்பு. மனைவியை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் அப்பா வேடம். ஒட்டுமூக்கு வேண்டாம், மீசை வேண்டாம், உங்கள் சொந்தக் குரலே போதுமாம். "இதுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தோம், லயனல்" என்றார்.

நான் பிஷப்பாகவே சொன்னேன்: "வேண்டாம் மகளே. எனக்கு அப்பா வேஷம் சரியா வராது."

ஏன் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். அந்த வேடம் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. யார் நடிக்கப்போகிறார்கள் என்றே தெரியாத அந்த மூன்று பிள்ளைகள்மேல் எரிச்சலாகவும் இருக்கிறது. உங்கள் சொந்தக் குரல் எது என்று ராத்திரி யோசித்தேன். பிஷப் வந்தார், நீங்கள் நடித்த கழுத்தை நெரிக்கும் கொலைகாரர் வந்தார், திக்குவாய்த் தபால்காரரும் வந்தார். நீங்கள் வரவில்லை. "உப்பை இந்தப் பக்கம் தள்ளுடா" என்பீர்களே, அதுவா?

நாடகக் கொட்டகைக்கே போன் செய்து சொல்லியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டால் சொல்ல வராது. நாடகம் மேடையேறும் முதல் நாளுக்கு வாழ்த்துச் சொன்னால் ஆகாது என்பீர்கள், ஆகவே சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
க்ரிஸ்பின்

பி.கு. குரல் பிசகவில்லை என்று எழுதியதை அடித்துவிடவும். நான் வேண்டாம் என்றதும் ஹெஸ்டர் அம்மையார், "க்ரிஸ்பின்தானே? அழறியாப்பா?" என்றார். சளி என்றேன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் நீ வேண்டாம்னு சொன்னதை நான் கேக்கலைன்னு வச்சுக்கறேன். அதுக்குள்ள அப்பாவைப் பேசச் சொல்லு" என்றார். அவரிடம் பேசிவிடுங்கள், அப்பா. எனக்குச் சளியெல்லாம் இல்லை.