ஒரே முகவரிக்கு இரண்டு வழி

ஜூலை 9, செவ்வாய்

டோங்காவின் வடக்குத் தீவு மருத்துவமனை போன வாரம்தான் எதிர்க் கம்பெனியின் இணைய இணைப்பை விட்டு எங்களிடம் வந்தது. அதற்குள் புகார். டாக்டர் லூசியா போனில், "எல்லாம் வருது காலோ, ஆக்லாந்து மட்டும் வரமாட்டேங்குது" என்கிறார். சேய்னி என்ற பள்ளி ஆசிரியையின் இதயப் படங்கள் நியூசிலாந்தில் அந்த ஆக்லாந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சைப் பட்டியலை அடுத்த புதன் எங்கள் நேரப்படி மாலை ஐந்துக்கு மூடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல்தானாம்.

"டிஸ்க்ல போட்டு விமானத்துல அனுப்பிடட்டுமா?"

சுருக்கென்றது. என் இணைப்பு இருக்கும்போது விமானமா? வேண்டாம், நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன்.

ஜூலை 10, புதன்

சரியாகவில்லை. சிட்னியில் எங்களுக்கு இணைப்புத் தரும் கம்பெனியில் பிரெண்டன் என்று ஒரு மேதை. "ரூட்டரை ஒருதடவ அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா?" அடப்பாவி! மருத்துவமனையின் இணைய முகவரிகளுக்கு எங்கள் வழியாக வாருங்கள் என்று நாங்கள் உலகத்துக்கே அறிவிக்கிறோம். அந்த அறிவிப்பு ஆக்லாந்தை எட்டுகிறதா என்று பார்க்கச் சொன்னால், அணைத்துப் போடச் சொல்கிறான். கோளாறு எங்கள் பக்கம்தானாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்கு மேலே ஒரு மேனேஜர் வேறு. அவன் என்ன லட்சணமோ.

ஜூலை 12, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். நான்தான், பிரெண்டன் அல்ல. மருத்துவமனை முகவரிகளை எதிர்க் கம்பெனியும் இன்னும் அறிவித்துக்கொண்டே இருக்கிறது! ஆக்லாந்துக்கு அவர்கள் வழிதான் பக்கம். அதனால் அங்கிருந்து வரும் பதிலெல்லாம் அவர்களிடம் போய், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டுச் சாகிறது. முகவரிகளை இரண்டு துண்டாக்கி அறிவித்தால் சின்னத் துண்டை அறிவிக்கிறவர் வழிதான் ஜெயிக்கும். ஆனால் இந்த முகவரித் தொகுதி ஏற்கெனவே சின்னது. இதற்கும் கீழே யாரும் ஏற்க மாட்டார்கள். அவர்கள் நிறுத்தினால்தான் உண்டு.

நிறுத்த வேண்டியது யார்? அங்கே தலைமை இன்ஜினியர் சாமிசோனி. என் பெரியப்பா மகன். அண்ணன்.

"உங்க அண்ணன்தானே, ஒரு போன் போடு, ரெண்டு திட்டு திட்டு" என்கிறார் என் முதலாளி கிரேம். பன்னிரண்டு வருஷம் டோங்காவில் இருந்தும் இந்த வெள்ளைக்காரருக்கு ஒரு இழவும் புரியவில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து படம்கூடப் பார்க்காத வீடு எங்களுடையது. அதிலும் எங்கள் வழக்கத்தில் தங்கைதான் மேல். நான் வாய் திறந்து ஒன்று கேட்டால் அவனுக்கு அது கட்டளை. அவன் தப்பை நானே அவன் முகத்துக்கு நேரே சொல்வதா? அவன் ஆபீஸில் எப்படித் தலை நிமிர்வான்? நீங்களே மின்னஞ்சல் எழுதுங்கள் என்று கிரேமிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

தேவாலயம். இந்த நாட்டில் ஞாயிறன்று வேலை செய்தால் சட்டப்படிக் குற்றம். இரண்டு வரிசை முன்னால் அண்ணனின் முதுகு. பிரசங்கம் முழுக்க அந்த முதுகைத் திட்டித் தீர்த்தேன், மனசுக்குள்.

ஜூலை 15, திங்கள்

கிரேமின் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது: "உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிக முக்கியமானது." முக்கியமாம், மண்ணாங்கட்டி! யாரோ குமாஸ்தா எழுதியது. அண்ணன் கண்ணுக்கே போயிருக்காது.

டாக்டர் மறுபடி டிஸ்க் பேச்சை எடுத்தார். நாளைக் காலை விமானத்தை விட்டால் புதனுக்குள் வேறு கிடையாதாம். மறுபடியும் வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன்? ஒரு கையடக்க டிஸ்கிடம் தோற்க மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

ஜூலை 17, புதன்

நாலு நாற்பதுக்கு நானே போன் போட்டேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரி அறிவிப்ப எடுத்துடுங்க."

அண்ணன் மெதுவாக, "சரிங்க தங்கச்சி. இப்பவே எடுத்துடறேன்... உங்க லைன் புதுசு. அறுந்துபோனா உங்க பேருதான் கெடும். எங்க வழியும் ஒரு தொணைக்கு இருக்கட்டும்னு விட்டுவெச்சேன். எங்க ரூட்டர் பெட்டி ஆஸ்பத்திரிலதானே இருக்கு?"

எங்கே இருக்கிறது! மாற்றிய அன்றே கழற்றி அலமாரியில் போட்டது நான்தானே. அவனிடம் யார் சொன்னது? அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று நான் சொல்லவே இல்லை. அவனும் தங்கையிடம் எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை.

இரண்டு நிமிஷத்தில் எடுத்துவிட்டான். புது வழி ஆக்லாந்தில் நிலைக்க இன்னும் சில நிமிஷம். படங்கள் கனம். கடைசிப் படம் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஐம்பது.

எட்டு நாள் — இரண்டு நிமிஷ வேலைக்கு. பிரெண்டன் மடையன், கிரேம் மடையன்... அப்போ நீ யாருடீ? ச்சீ.

ஜூலை 27, சனி

சேய்னியின் கணவர் படகில் வந்திருந்தார். ஆபீஸ் வாசலில் ஒரு கூடை கிழங்கு, அதன் மேல் சுருட்டிய பாய்.

"நீங்க இல்லன்னா ஆக்லாந்து டாக்டரு படத்தையே பாத்திருக்க மாட்டாரும்மா. பாத்துட்டு, சீக்கிரம் செய்யணும்னு எழுதியிருக்காரு. லிஸ்ட்தான் மூடிட்டாங்களாம். அடுத்த லிஸ்ட் அக்டோபர்லதான், அதுவரைக்கும் தாங்கிட்டா போதும்."

"எப்படி இருக்காங்க?"

"உக்காந்துக்கிட்டேதான் தூங்குறா. படுத்தா மூச்சு முட்டுது." பாயைப் பிரித்துக் காட்டினார். "உங்களுக்குக் கொடுக்கணும்னு அவ சொன்னா. அவ பின்னினது."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.