முதலிடத்தில் அவர் பெயர்

ஜூன் 9, திங்கள்
விடாத மழை. கூரை மறுபடி ஒழுகுகிறது. பாப்பாவின் தொட்டிலை இடம் மாற்றினேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், எனக்கு வேலை குறைவு.
வாங்க: பால்மா, மெழுகுவர்த்தி, அத்தைக்குத் தைலம்.

மதியம் வெளிநாட்டிலிருந்து என் வீட்டுக்காரர் போன். பேஸ்போல் லீக்கில் ஸ்ட்ரைக்கவுட் எடுத்தவர்களில் இப்போது இவர்தான் முதலாவதாம். குரலில் சந்தோஷம் இல்லை.
"முழங்கை வலிக்குது. ஊசி போட்டுத்தான் எறியுறேன்."
"விட்டுட்டு வாங்க."
"இன்னும் ஒரு மேட்ச்தான். முதலாவதா முடிச்சா அடுத்த வருசமும் எடுப்பாங்க."

ஜூன் 10, செவ்வாய்
தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், பீலியடியில் மாரியக்கா: "ஒம் புருசன் எத்தன விக்கெட்டு?"
முன்பெல்லாம் விளக்குவேன். கிரிக்கெட் இல்லை, அடிக்கிறவன் மூன்று தடவை தவறவிட்டால் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்கவுட் என்று. இன்று, "நெறையக்கா" என்றதோடு சரி.

ஜூன் 14, சனி
கடைசி மேட்ச். போனில் நானும் அத்தையும். சிக்னல் விட்டு விட்டு. கடைசி ஆளும் மட்டையைக் காற்றில் வீசிவிட்டுப் போனான். எல்லாரும் ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டார்கள். இவர் கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றார்.
முதலிடம்தான். அத்தை கை தட்டினார். எனக்கு முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி
முழங்கைக்குள் நார் அறுந்துவிட்டதாம். டீம்காரர்கள் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.
"கை சரியானா பாப்போம்னாங்க."


ஜூன் 28, சனி
வந்துவிட்டார். மஸ்கெலியா பஸ் நிற்கிற இடத்தில் மாலை, பட்டாசு, தோட்டத்துப் பொடியன்கள்.
"அண்ணே, ஒரு பந்து எறிஞ்சு காட்டுங்கண்ணே!"
வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். எறிந்தார். காலடியிலேயே விழுந்தது. விளையாட்டுக்குச் செய்கிறார் என்று எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வேர்வை.

ஜூன் 30, திங்கள்
டிக்கோயா ஆஸ்பத்திரி. கண்டியில் ஆபரேஷன் செய்யவேண்டுமாம். செய்தாலும் பழையபடி எறிய முடியாது என்றார் டாக்டர்.
சோறு போட்டேன். வலது கை வாய்வரைக்கும் மடங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து இடது கையால் அள்ளினார். அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்.
தட்டை வாங்கி நானே பிசைந்து ஊட்டினேன். கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு சாப்பிட்டார்.
"ஒத்தக் கையால கொழுந்து பறிக்க ஏலுமா?"
மழைச் சத்தத்தில் கேட்காத மாதிரி அடுத்த உருண்டையைப் பிடித்தேன்.