கப்பல்காரக் கிழவரும் உன் அப்பாவும்

பீடோங், மலேசியா
பங்குனி, 1984

அன்பு மகள் குணவதிக்கு அம்மா எழுதுவது. லண்டன் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், எனக்கு மனசுதான் அலுத்துக் கிடக்கிறது.

பெரியண்ணன் முருகையா டிவி வாங்கியதை எழுதியிருந்தேன் அல்லவா, அதில் வாரம் ஒருநாள் வெள்ளைக்காரர் நாடகம் ஒன்று போடுகிறார்கள், நம் ரப்பர் தோட்டமே அதைப் பார்க்கிறது. கப்பல் கம்பெனி வைத்திருக்கும் ஒரு கிழவர், இரண்டு மகன்கள், கம்பெனித் தலைவர் நாற்காலி யாருக்கு என்று சண்டை. முருகையா மகள் புஷ்பவள்ளி கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துப் படபடவென்று தமிழில் சொல்லிவிடுவாள், அவளைப் போல் படிக்கிற பிள்ளை இங்கே வேறு இல்லை. போன வாரம் கிழவர் பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டு எனக்குப் பிறகு நீதான் என்றார், இந்த வாரம் சின்னவனிடமும் அதையே சொன்னார். பார்த்தவர்கள் எல்லாம் பெரியவன் பெண்டாட்டிதான் மூட்டிவிடுகிறாள் என்று திட்டினார்கள், பணக்கார வீட்டிலும் பழி மருமகள் தலையில்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குப் பணத்தாசை, இருக்கட்டும், சின்னவனுக்கு அண்ணன்மேல் ஆத்திரம், அதுவும் இருக்கட்டும், ஆனால் இருவரையும் காக்க வைப்பது கிழவர்தானே, கையில் வைத்திருக்கும்வரைதான் தன்னைச் சுற்றி வருவார்கள் என்று பயப்படுகிறார் என்றேன். உன் அப்பா எழுந்து சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் மாரியம்மன் கோயில் தலைவர் பொறுப்பை இந்தத் திருவிழாவோடு விடப்போவதாக உன் அப்பா சொல்லி வந்தார் இல்லையா. விசாரித்தால், அடுத்த தலைவராகத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்கப்போவது நீதான் என்று முருகையாவிடமும் சொல்லியிருக்கிறார், சின்னண்ணன் பரஞ்சோதியிடமும் சொல்லியிருக்கிறார். முருகையா அதைப் பார்க்க வரச்சொல்லிப் பெண்டாங்கில் உள்ள மாமனார் வீட்டாரை அழைத்துவிட்டான், பரஞ்சோதி மேளக்காரரிடம் பேசிவிட்டான். இப்போது அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை, குழாயடியில் ஒரு மருமகள் வந்தால் இன்னொருத்தி பாதி வாளியோடு போகிறாள். பக்கத்து வீட்டு ராக்காயி, உங்க வீட்டுக் கப்பல் யாருக்குக்கா என்று கேலி செய்கிறாள், எங்களிடம் சம்பான் தோணிகூட இல்லைடி என்று சொல்லிவிட்டு வந்தேன், வீட்டுக்கு வந்ததும் அழுகைதான் வந்தது.

இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து யாருக்கு என்று சொல்லிவிடுங்கள் என்று அப்பாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "குடுத்துட்டா அப்புறம் எவன் என்னைத் தேடி வருவான், மருதம்மா" என்றார். கூலியாட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலையை விட்டபிறகு தோட்டத்தில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை, அது எனக்கும் தெரியும்.

ஆகையால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ எழுதுவதெல்லாம் எனக்குத்தான், அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும் என்று அடியில் ஒரு வரி. இந்தத் தடவை அவர் பெயருக்கே தனியாக எழுது, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்வார். கோயில் பேச்சே வேண்டாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறலாமா என்று யோசிக்கிறாயே, அதை அவரிடம் கேள். திருவிழாவுக்குக் கொடியேற்றுமுன் வந்து சேரும்படி போடு, மறந்துவிடாதே. உனக்குக் கொடுக்க அவர் கையில் ஒன்றும் இல்லை, அப்படியும் ஒரு பிள்ளை அவரைத் தேடுகிறது என்று அவருக்குத் தெரியட்டும்.

மாரியாத்தா உன்னை நோய்நொடியில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. மருதம்மாள்