கை தூக்கினால் கிருமி சாகுமா?

லாத்தா,

இன்று காலை குழாயைத் திறந்ததும் ப்ளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது. மருமகள் முகத்தைச் சுளித்து, இந்தத் தண்ணீரில் மனுஷன் காபி குடிப்பானா என்று அலுத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடப்பிறக்காத அக்காவாக எதிர்வீட்டில் இன்னும் நீங்கள் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருப்பீர்கள்.

பிரெஞ்சுக்காரன் போய் நம் சர்க்கார் வந்த புதுசு. நம் பட்டினத்தில் எதற்கெடுத்தாலும் ஓட்டு. எந்த நாடகக் கம்பெனியைக் கூப்பிடுவது, தெருவிளக்கை எந்த மூலையில் வைப்பது, எல்லாவற்றுக்கும் ஓட்டு. அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. காரைக்காலிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, நம் தெருக் கிணற்றுக்கு மருந்து போட வேண்டும் என்றார். ஆண்கள் உடனே கூட்டம் போட்டார்கள். கிணற்றில் கிருமி இருக்கிறதா இல்லையா, கை தூக்குங்கள் என்றார்கள். ஒருநாளும் ஒரு குடம் இறைத்தறியாத என் வீட்டுக்காரர்தான் தலைவர். கிருமி இல்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று.

"கை தூக்குனா கிருமி செத்துடுமாங்க?" என்று வாசல் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டீர்கள். கூட்டம் தொண்டையைச் செருமிக்கொண்டு கலைந்தது.

நான் நிறைமாசம். காய்ச்சிக் குடிக்கலாமென்றால் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. எனக்கு ஒரே பயம். உங்களுக்கோ ஆண்கள் மேல்கூட இல்லை, சர்க்கார் மேல்தான் கோபம். "இத்தனை ஊருக்கு ஒரு ஆளு, ஒரு சைக்கிளு. இதுக்குப் பேரு சர்க்காரா? தெருவுக்கு ஒரு ஆளு வேணும் புள்ள, அதுவும் விஷயம் படிச்ச ஆளு வேணும்" என்று பொருமினீர்கள்.

ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிக் கிளம்பிய இன்ஸ்பெக்டர் மருந்துப் பொட்டலத்தை உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். எவ்வளவு, எப்படிக் கரைப்பது என்று அவரைக் குடைந்தெடுத்துவிட்டுத்தான் அனுப்பினீர்கள்.

மறுநாள் மத்தியானம் ஆண்கள் குறட்டை விட்ட நேரத்தில், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தீர்கள். அவர் சொன்ன அளவு பிசகாமல் வாளியில் கரைத்து இறக்கினீர்கள். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு காவல் நின்றேன். இன்றைக்கு நான்தான் சர்க்கார் என்று அலட்டிக்கொண்டீர்கள். அடுத்த நாள் என் வீட்டுக்காரர் காபியை மோந்து பார்த்து, அந்த இன்ஸ்பெக்டர் வந்துபோன நாற்றம் இன்னும் போகவில்லை என்றார். சிரிப்பை அடக்கப்போய் எனக்கு இடுப்புவலியே கண்டுவிடும் போலிருந்தது.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்தார். கிணற்றை மோந்து பார்த்து, யார் மருந்து போட்டது என்றார். தெருவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சர்க்கார்தான் போட்டது என்று திரைக்குள்ளிருந்து சொன்னீர்கள். குரலில் பழைய குறும்பு இல்லை. அன்று காலைதான் பக்கத்துத் தெருவில் வாந்திபேதியில் செத்த ஒரு பெண்ணைத் தூக்கிப்போனார்கள். அவளும் நிறைமாசம்.

"எங்கிட்ட ஒரு பொட்டலந்தானங்க இருந்துச்சு. அந்தக் கெணத்துக்கு யாரு சர்க்காரு?" என்று கேட்டுவிட்டு அழுதீர்கள். இன்ஸ்பெக்டர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு நடந்தார்.

அன்று என் வயிற்றிலிருந்தவளுக்கு இப்போது காலேஜ் முடித்த மகன். சர்க்கார் எதற்கு இத்தனை பெரிதாக, ஜனங்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று அவன் சட்டமாகப் பேசும்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. பார்த்துக்கொண்டோம்தான் லாத்தா, நம் கிணற்றை மட்டும்.