எட்டு வெற்றுக் கோதுகள்

ஒக்டோபர் 12, ஞாயிறு
மனோர் பார்க்

போன கிழமை சூரிச்சில் எடுத்த வீடியோவை வதனியின் தம்பி ரூபன் இன்று குடும்பக் குறூப்பில் போட்டுவிட்டான். சுவிஸ் இராணுவம் கழித்துவிட்ட பழைய பிஸ்டல் ஒன்றை அவன் வாங்கியிருந்தான். சுட்டுப் பார்க்கத் துப்பாக்கிப் பயிற்சித் திடலுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். நான் மறுத்திருக்க வேண்டும். ஆசையாக இருந்தது, போனேன்.

கோயிலில் இருந்து வந்து சாப்பிடும்போது வதனி அதைப் பார்த்தாள்.

"இஞ்சப்பா, தம்பி சுட்ட கோதெல்லாம் நிலத்தில கிடக்கு. நீங்கள் மட்டும் ஏன் குனிஞ்சு பொறுக்கிறியள்?"

"சும்மா, ஞாபகத்துக்கு."

"அப்ப எங்க? காட்டுங்கோ பாப்பம்."

என்னிடம் ஒன்றுகூட இல்லை. நான் சுட்ட எட்டுத் தோட்டாவின் வெற்றுக் கோதையும் எண்ணி, யாரும் கேட்காமலே, அங்கே பொறுப்பாக நின்றவரின் கையில் கொடுத்துவிட்டேன். ஊரில் இயக்கத்தில் இருந்தபோது அப்படித்தான் பழக்கினார்கள். சுட்ட கணக்குக்குக் கோது திரும்பி வரவேண்டும்.

இயக்கத்துப் பக்கமே போகாதவன் என்று சொல்லித்தான் இவளைக் கட்டினேன். இவளுடைய அண்ணனை இயக்கம் வீட்டில் இருந்து பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவில்லை.

அவள் போனை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். கேட்டுச் சண்டை பிடித்திருக்கலாம்.

இப்போது மேல் அறையில் வீடியோ ஓடும் சத்தம் கேட்கிறது. எட்டு வெடி. நான் குனியும் இடம் வந்ததும் நிறுத்துகிறாள்.

திரும்பவும் முதல் வெடி.