மூச்சுக்குழாய்க்குள் போன உருளைக்கிழங்கு

ஜூலை 8, திங்கள்

ஏழாம் வகுப்பில் செரிமானப் பாடம். ஸ்லைடு முழுக்க எழுத்து. நான் வாசித்தேன், பிள்ளைகள் பார்த்தார்கள். விளக்கை அணைத்தது தப்பு. அர்க்கோ குறட்டையே விட்டான். எழுப்பினால், "மிஸ், சிறுகுடல் வந்துடுச்சா?" என்கிறான். ரயிலில் தூங்கி ஸ்டேஷனைத் தவறவிட்டவன் மாதிரி.

ஜூலை 9

பிரின்சிபால் சுபர்ணா சென் கூப்பிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை என் வகுப்பில் வந்து உட்காரப்போகிறாராம். "அன்னிக்கும் பசங்க தூங்கினா, செவன்த் சயின்ஸை மகேஷ் எடுக்கட்டும்."

மகேஷ் போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவன். மீசைகூட இன்னும் முடிவுக்கு வரவில்லை. என் ஏழாம் வகுப்பு அவனுக்கா? எதுக்கு? நான் என்ன தாலாட்டா பாடறேன் அங்கே?

ஜூலை 10

வீட்டில் இவரிடம் என் ஸ்லைடுகளைக் காட்டினேன். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் மீட்டிங்குக்கெல்லாம் ஸ்லைடு போடுவது இவர்தான்.

"நன்னாத்தானே இருக்கு. மூலைல ஒரு லோகோ போடு."

"உங்க மீட்டிங்ல யாரும் தூங்க மாட்டாளா?"

"ஆபீசர்ஸ்லாம் கண்ணைத் திறந்துண்டே தூங்குவா." பெருமை வேறு.

ஜூலை 13, சனி

மழை. டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். வீட்டிலேயே உட்கார்ந்து எல்லா ஸ்லைடையும் அழித்தேன். அழித்ததும் பயம் வந்தது.

படத்தைத் தொட்டால் வேறு ஸ்லைடுக்குத் தாவும்படி செய்யலாமாம். இன்றுதான் கண்டுபிடித்தேன். அப்படியென்றால் சாப்பாடு எந்த வழியில் போவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டுமே! ஒரு ஃபுச்கா, அதாவது இந்த ஊர் பானிபூரி, வாய்க்குள் போகிறது. தொண்டையில் இரண்டு கதவு. உணவுக்குழாயைத் தொட்டால் இரைப்பை. மூச்சுக்குழாயைத் தொட்டால் புரையேறி, இருமி, மறுபடி தொண்டைக்கே.

இருமல் சத்தத்துக்கு இவரைப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைத்தேன்.

"போறுமா?"

"இன்னும் கொஞ்சம் உயிர் போற மாதிரி இருமுங்கோ."

ஜூலை 16

ஏழாம் வகுப்பு ஈஷிதாவிடம் இதைப் பற்றி வாய்விட்டுவிட்டேன். "ஃபுச்கா வாயிலேயே உடைஞ்சிடுமே, மிஸ்?" என்றாள். உடைந்துவிடும்தான். ஃபுச்கா போயிற்று. உள்ளே இருக்கும் உருளைக்கிழங்குத் துண்டுதான் இனி கதாநாயகன்.

ஜூலை 19, வெள்ளி

சிரிப்பதா, அவமானப்படுவதா?

சுபர்ணா சென் பின்னால் உட்கார்ந்தார். பற்கள், எச்சில் எல்லாம் அமர்க்களம். தொண்டை வந்தது. "எந்தக் கதவு?" என்றேன். சரியான பதில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வகுப்பே "மூச்சுக்குழாய்!" என்று கத்தியது. தொட்டேன்.

ஸ்பீக்கரில் இவர் இருமினார். பாலிகஞ்ச் பேட்டை முழுக்கக் கேட்டிருக்கும். இருமி முடித்து, மறுபடி இருமினார். தொண்டைக்குத் திரும்ப வழி வைக்க மறந்திருக்கிறேன்! எந்தப் பட்டனை அமுக்கினாலும் இருமல். கம்ப்யூட்டர் அந்த ஸ்லைடிலேயே நின்றுவிட்டது. மகேஷ் முகம் கண்ணில் வந்துபோனது.

"முதுகுல தட்டுங்க, மிஸ்!" என்று அர்க்கோ எழுந்து நின்றான். "பிட்டே மாரோ! பிட்டே மாரோ!" என்று அதையே பெங்காலியில் எல்லோரும்.

என்ன தோன்றியதோ, "முதல்ல இது ஏன் உள்ளே போச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டேன்.

"சாப்பிடும்போது பேசிட்டான்!"

"மூச்சுக்குழாய் மூடி திறந்திருந்தது!"

அந்த மூடியைப் பற்றி நான் இன்னும் சொல்லவேயில்லை. புத்தகத்தைப் புரட்டி இவர்களே எடுத்திருக்கிறார்கள்.

அப்போது சுபர்ணா சென் எழுந்தார். நேராகப் போய்த் திரையின் மேல் படார் படார் என்று தட்டினார். இருமல் நின்றது. வகுப்பு கைதட்டியது. அதே நொடியில் நான் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியதை யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மணி அடித்துவிட்டது. வாசலில் மேடம் என்னை நிறுத்தினார். "ஸ்லைடுல ஒரு பாயின்ட் கூட இல்லையே, ஜலஜா."

"இல்லை, மேடம்."

"ம்." போனவர் திரும்பி வந்தார். "அந்த உருளைக்கிழங்கு அப்புறம் எங்கே போகும்?"

"திங்கட்கிழமை இரைப்பை, மேடம்."

"எத்தனாவது பீரியட்?"

ஜூலை 20

இவருக்கு நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது. இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று சிறுநீரகம். ஸ்லைடுகள் ஈஷிதா செய்தவை, பாடமும் அவளே. நான் ஜன்னலோர பெஞ்சில் பிள்ளைகளோடு. இரத்தம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கும்போது கதவு மெல்லத் திறந்தது.

"கொஞ்சம் தள்ளி உட்காரு, ஜலஜா," என்றார் சுபர்ணா சென்.