பேசாலைச் சந்தியில் காட்டிய அட்டை

அன்புள்ள திரேசம்மா,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உமது முழங்கால் வலி எப்படி?

என் வேலை வீட்டு அம்மா, அதுதான் சிஞ்ஞோரா, நேற்று இங்கே இத்தாலிக்கு, பலேர்மோ திரும்பினார். இலங்கை முழுவதும் தானே கார் ஓட்டிப் பார்த்தாராம். மன்னார்க் கழுதைகள் மட்டும் எத்தனை ஹோர்ன் அடித்தும் விலகவில்லையாம்!

நம் வீட்டுக்கு வந்தது உமக்குத் தெரியும். வழியில் நடந்ததைக் கேளும். பேசாலைச் சந்தியில் போன் வேலை செய்யவில்லையாம். நான் தமிழில் நம் விலாசம் எழுதிக் கொடுத்த அட்டையை ஓட்டோக்காரரிடம் நீட்டினாராம். அவர் சத்தமாக வாசித்துவிட்டு, "ஓம், மரியான் ஐயா வீடோ? எனக்குப் பின்னால வாங்கோ" என்று கையசைத்தாராம்.

"கிழவன்ர எழுத்தைக் காகமும் வாசிக்காது" என்று என் கடிதங்களைப் பார்த்துச் சிரித்தீரே!

சிஞ்ஞோராவின் படத்தில் மெலிந்து தெரிகிறீர். நேரத்துக்குச் சாப்பிடும். ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடும். சிஞ்ஞோரா கூப்பிடுகிறார்.

இப்படிக்கு,
எழுதத் தெரிந்த உமது மரியான்